காயம்: எவருக்கும் இல்லை

உன்னுடைய மஞ்சள் மேலங்கியை உன் மனைவி வெருளிக்குப் போட்டுவிட்டிருந்தாள். போன கிழமை மல்லாவியிலிருந்து உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வரும்போது கண்டேன். கச்சான் கடலைத் தோட்டத்தின் நடுவில் இரண்டு தடியைக் குறுக்கே கட்டி, தலைக்கு ஓர் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து, அதற்கு அந்த மேலங்கி. நெஞ்சில் இரண்டு வெள்ளிப் பட்டி, முதுகில் உன் இலக்கம். வெயில் அந்தப் பட்டியில் பட்டு என் கண்ணில் அடித்தது. என்னை அறியாமல் பிரேக்கில் காலை வைத்துவிட்டேன். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் என்னை ஏசிவிட்டுப் போனான்.

கச்சானைக் கிண்ட வந்த மயிலுக்கு அந்த வெருளியில் ஒரு பயமும் இல்லை. அதன் காலடியிலேயே நின்று கிண்டிக்கொண்டிருந்தது. பயந்தவன் நான் ஒருவன்தான். வளைகுடாவில் விமானத்தின் செட்டை நுனிக்கு நேரே நீ கையை விரித்துக்கொண்டு நிற்பாயே, அப்படியே அது நின்றது.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியதில்லை. அதற்குத் தேவை வந்ததும் இல்லை, எங்கே போனாலும் சேர்ந்தே போனோம். ஆனால் உன்னைப் பற்றி ஒரு கடதாசியில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை உனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. இதை அதற்குப் பிந்திய திருத்தமாக வைத்துக்கொள். பிந்தித்தான் போய்விட்டது.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலம் நினைவிருக்கும். எல்லாரும் வீடு கட்டினார்கள், எல்லாருக்கும் கல்லும் மணலும் வேண்டியிருந்தது. நான் உழவு இயந்திரத்தை ஓட்டினேன், நீ அது இழுக்கிற பெட்டிக்குப் பின்னால் நின்றாய். உழவு இயந்திரப் பெட்டியைப் பின்னுக்கு எடுப்பது லேசான வேலை அல்ல. சில்லை இந்தப் பக்கம் திருப்பினால் பெட்டி அந்தப் பக்கம் போகும். பின்னால் ஒரு கிணற்றுக் கட்டு இருக்கும், நேற்றுப் பூசிய சுவர் இருக்கும், காயப்போட்ட நெல் இருக்கும். மற்றவர்களைப் போல "வா வா" என்று கத்த உனக்குப் பிடிக்காது. "இந்தச் சத்தத்துக்கை ஆருக்குக் கேக்கும்? நான் சும்மா நிண்டால் நீ வா. தட்டினால் நில்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். பின் பலகையில் உன் உள்ளங்கை படாரென்று விழும், அந்த இடத்திலேயே நிற்பேன். அதுவரை திரும்பியும் பார்க்கமாட்டேன். மூன்று வருடத்தில் ஒரு கோழிக்கூட்டைக்கூட நாம் இடித்ததில்லை. இவங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூளை என்று ஊரில் சொன்னார்கள். அந்தப் பெருமையில் நாம் கொஞ்சம் மிதந்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு வளைகுடாவுக்கும் சேர்ந்தே போனோம். விமானத்தில் ஏறி வேலைக்குப் போய், அங்கேயும் விமானத்தையே இழுக்கப்போகிறோம் என்பது உனக்குப் பெரிய பகிடி. முதல் நாள் அதன் மூக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெட்டி கொஞ்சம் பெரிசு மச்சான், அவ்வளவுதான்" என்றாய். எனக்கு இழுவை வண்டி. உனக்குச் செட்டைக்கு நிற்கிற வேலை. ஆட்கள் இறங்கிப்போன வெறும் விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுக்கும்போது இரண்டு செட்டை நுனிக்கும் ஒவ்வொருவர், வாலுக்கு ஒருவர் கூடவே நடந்து வரவேண்டும். கையில் செம்மஞ்சள் கோல். நிற்கச் சொல்வதென்றால் அதைத் தலைக்கு மேலே குறுக்கே பிடிக்கவேண்டும். ஓட்டுகிறவனுக்குச் சொல்லித்தந்த முதல் சட்டம், கண்ணாடியில் செட்டைக்காரனைக் காணாவிட்டால் நில் என்பது. அவன் என்ன காட்டுகிறான் என்பது அதற்குப் பிறகுதான்.

நம்முடைய சட்டத்துக்கு அது நேர் எதிர். நீ சும்மா இருந்தால் வரலாம் என்பது நம்முடையது. நீ தென்படாவிட்டால் நிற்கவேண்டும் என்பது அவர்களுடையது. வகுப்பில் இரண்டு பேரும் தலையாட்டினோம், பரீட்சையில் சரியாக எழுதினோம். என் காலுக்கு மட்டும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அன்று மதியம் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர்தான் நடந்தீர்கள். வலச் செட்டைக்கு நீ, வாலுக்கு ஆள் இல்லை. மேற்பார்வையாளன் அவசரப்பட்டான், அவனுக்கு அந்த இடம் உடனே காலியாக வேண்டும். வலப்பக்கத்தில் இன்னொரு விமானம் சும்மா நின்றது. அதன் வாலைக் கடந்து நான் இடப்பக்கம் திரும்பவேண்டும். கண்ணாடியில் உன்னைக் கண்டேன். பிறகு காணவில்லை. எத்தனை நொடி என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், எனக்குத் தெரியாது. கண் உன்னைத் தேடியது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. அவன் நிற்கிறான், பிழையென்றால் தட்டுவான் என்று உடம்பு முழுக்க ஒரு நம்பிக்கை. அந்த இடத்தில் வேறு எந்த நாட்டுக்காரன் நின்றிருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன். நீ என்பதால் போனேன்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. காதில் மூடி, வண்டியின் இரைச்சல். வண்டியையும் விமானத்தையும் இணைத்த இழுவைக் கம்பி ஒருமுறை இழுபட்டது, அவ்வளவுதான். முன்னால் ஆட்கள் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார்கள். இறங்கிப் பார்த்தால் நம்முடைய விமானத்தின் செட்டை நுனி மற்றதின் வாலுக்குள் ஒரு முழத்துக்கு ஏறிக் கிடந்தது. காய்ந்த ஓலையைக் கிழித்தது போல அந்த வெள்ளைத் தகடு கிழிந்து தொங்கியது. நீ அதற்குக் கீழே, சாமான் ஏற்றுகிற ஒரு வண்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். வலக்கையை இடக்கையால் பொத்திப் பிடித்திருந்தாய். உன் முதல் வார்த்தை, "தட்டினனான் மச்சான். உனக்குக் கேக்கேல்லையோ?"

வாலுக்குக் கீழே நின்ற அந்த வண்டிலை அப்புறப்படுத்தச் சொல்லி மேற்பார்வையாளன் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். நீ கோலைத் தரையில் வைத்துவிட்டுப் போய் வண்டிலை இழுத்திருக்கிறாய். நிமிர்ந்து பார்க்கும்போது செட்டை உன் தலைக்கு மேலே வந்துவிட்டது. கோலை எடுத்துக் குறுக்கே பிடித்திருக்கவேண்டும். நீ கிட்ட இருந்த வண்டிலின் இரும்பில் உள்ளங்கையால் அடித்தாய். ஒருமுறை அல்ல, தோல் கிழியும் வரைக்கும் அடித்தாய். மல்லாவியில் அது போதும்.

'காயம்: எவருக்கும் இல்லை' என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். உன் கையில் என் கழுத்துத் துணியைக் கிழித்து நான்தான் கட்டிவிட்டேன். இரத்தம் ஊறி வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. விமானத்துக்கு எங்கெங்கே எவ்வளவு கிழிந்தது என்று அளந்து எழுத அவர்களுக்கு நாலு பக்கம் வேண்டியிருந்தது. உன் கைக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

விசாரணைக்கு முன்னால் மேற்பார்வையாளன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றான். கண்ணாடியில் உன்னைக் கண்டேன், நீ வரலாம் என்று காட்டினாய் என்று நான் சொன்னால் ஓர் ஆள் மட்டும் ஊருக்குப் போவான். காணவில்லை என்று சொன்னால் இரண்டு பேரும் போவீர்கள், யோசித்துக்கொள் என்றான். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் அந்த அறைக்குள் போகும்போது நீ வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் நடந்ததைத்தான் சொல்வேன் என்பதில் உனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. உன் வலப்பக்கத்து ஆளைப் பார்த்தாயா என்று உள்ளே கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். என்ன காட்டினான்? வரலாம் என்று காட்டினான். இவ்வளவுதான் நடந்தது. நேராகக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பிறகு நீ போனாய். தட்டினேன், தட்டினேன் என்று உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாயாம். விமானத்தை நிறுத்த யாராவது வண்டிலைத் தட்டுவார்களா என்று கேட்டுச் சிரித்தார்களாம். மேற்பார்வையாளன் உன்னைக் கூப்பிடவே இல்லை என்று சொல்லிவிட்டான். நாலாம் நாள் உன்னை ஏற்றி அனுப்பினார்கள்.

போகிற அன்று காலை அறையில் நீ உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாய். மேலங்கியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கொடுக்கவில்லை, அதையும் மடித்து அடியில் வைத்தாய். என்னைப் பார்க்காமலே கேட்டாய்.

"நீ என்னைக் கண்டனீயோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கண்டனான் எண்டு சொன்னனீ?"

இரண்டு பேரும் போயிருப்போம் என்ற பதில் என்னிடம் இருந்தது. என் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள் என்ற பதிலும் இருந்தது. உனக்கும் ஊரில் ஒரு மகள் இருந்தாள், அதனால் வாயைத் திறக்கவில்லை. நீ பையின் சிப்பை இழுத்துப் பூட்டினாய். "சரி, விடு" என்றாய். அந்த விஷயத்தைப் பற்றி உன் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் அதுதான்.

நான் இன்னும் ஆறு வருடம் அங்கே இருந்தேன். கண்ணாடியில் ஆள் ஒரு கணம் மறைந்தாலும் நிறுத்தினேன். கவனமான ஓட்டுநர் என்று ஒரு பாராட்டுக் கடதாசியும் தந்தார்கள். அதை வீட்டில் எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பிளேன் இடிச்சவர். நீ எப்படியோ ஒரு வேலைப் பிழையால் வந்துவிட்டாய் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரிந்திருந்தது, மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். ஒருநாள் நெல் ஆலையில் ஒரு லொறி பின்னுக்கு வந்தது. நீ பழைய பழக்கத்தில் பின்னால் போய் நின்றாய். "ஐயோ, அந்தாளை விடாதேங்கோ, பிளேனையே இடிச்ச ஆள்" என்றார் ஆலைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ எந்த வண்டிக்குப் பின்னாலும் நின்றதில்லை. என் பெட்டிக்கும் வரவில்லை. இடுப்பு நோகுது என்றாய்.

உன் வீட்டுக்கு வருவேன். உன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்கு முன்னாலேயே உன்னைப் பேசுவாள். "அண்ணையும் அதே இடத்திலைதானே வேலை செய்தவர். கண்ணைத் திறந்துகொண்டு நிக்கத் தெரியாமல் இவர் மட்டும் திரும்பி வந்தவர்." நீ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் குடித்துக்கொண்டிருப்பேன். அந்தத் தேத்தண்ணி எனக்கு எப்படி இறங்கியது?

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாங்குளம் சந்தி வரைக்கும் உன்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன், சில நாள் பஸ்ஸிலும் கூட வருவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்றார்கள். ஒருநாள் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார்கள், நடத்துநர் கீழே நின்று பஸ்ஸின் உடம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பஸ் நின்றது. நீ கண்ணை மூடியபடியே, "கெட்டிக்காரன்" என்றாய். இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. "மச்சான், அந்த நாள்..." என்று தொடங்கினேன். "யன்னலைக் கொஞ்சம் திற, வேர்க்குது" என்றாய். திறந்தேன். நீயே பேச்சை மாற்றிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று நினைக்கவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

உன் செத்த வீட்டிலும் பந்தலுக்குக் கீழே இருந்து ஒருவர் சொன்னார், பிளேன் இடிச்ச மனுசன், பாவம், நல்ல மனுசன் என்று. நான் பந்தலுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை வெருளியைக் கண்டதும் இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனேன். உன் மனைவி கச்சானுக்குள் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றாள். நான் மேலங்கியைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "அலுமாரிக்கை சும்மா கிடந்தது அண்ணை. அங்கை இதைப் போட்டுக்கொண்டு நிண்டும் ஒண்டையும் காக்கேல்லை. இஞ்சையாவது நிண்டு காக்கட்டும்" என்று சிரித்தாள். அவளுக்கு அது பழகிய பகிடி. உன்னை நினைத்துக்கொள்ள அவளிடம் மிஞ்சியிருந்த பகிடி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குசினிக்கு வெளியே அவள் போட்ட கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள். முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"நீங்கள் அவரைக் காணேல்லையோ?"

"காணேல்லை."

"அவர் தட்டினவரோ?"

"தட்டினவர். கை கிழியத் தட்டினவர்."

"அந்தத் தழும்பு" என்றாள். "நான் கேட்டனான். கதவுக்கை நெரிஞ்சது எண்டு சொன்னவர்."

கேத்திலைக் கீழே வைத்தாள். பிறகு அமைதியாகத்தான் பேசினாள்.

"நான் அவரை எவ்வளவு பேசியிருக்கிறன். உங்களுக்கு முன்னாலை வைச்சுப் பேசியிருக்கிறன். நீங்கள் இந்தக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

"அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தால் நான் அவரிட்டை மன்னிப்புக் கேட்டிருப்பன். இப்ப ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? சொல்லுங்கோ."

அவள் தேத்தண்ணியை ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். "குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை. இனி இந்தப் படலையைத் திறக்காதேங்கோ" என்றாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் வைத்துவிட்டு வர எனக்குத் துணிவில்லை.

உன்னிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ ஏன் அவளுக்குச் சொல்லவில்லை? ஆலையடியில் வைத்து என் சட்டையைப் பிடித்திருக்கலாமே. எனக்கு ஓர் அடி போட்டிருக்கலாம். நீ சும்மா நின்றாய். நீ சும்மா நின்றால் வரலாம் என்பதைத்தானே நீ எனக்குப் பழக்கியிருந்தாய். நான் வருடக் கணக்காகப் பின்னுக்குத் திரும்பிப் பாராமல் வந்துகொண்டே இருந்தேன். நான் வந்து ஏறியது உன் மேல் என்பது உனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த நாள் நெல் ஆலைக்குப் போய், ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்து, பிளேனை இடித்தவன் நான்தான், அவன் அல்ல என்று சத்தமாகச் சொன்னேன். ஆலைக்காரர் என் தோளில் கையைப் போட்டார். "விடுங்கோ. செத்த ஆளுக்காகப் பழியை உங்கடை தலையிலை போடுறியள், உங்களைப் போல ஒரு சிநேகிதன் ஆருக்குக் கிடைக்கும்?" என்றார். மற்றவர்களும் ஓம், ஓம் என்றார்கள். திரும்பவும் சொன்னேன். என் நல்ல மனதைத் திரும்பவும் மெச்சினார்கள். உன் பெயரைக் கழுவப் போய் என் பெயருக்கு இன்னும் கொஞ்சம் மினுக்கம் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வெருளிக்கு இப்போது ஒரு பழைய சாறம்தான் கட்டியிருக்கிறது. மேலங்கியைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்ததை றோட்டில் போகும்போது கண்டேன். அந்த இடத்தில் நான் வண்டியை மெதுவாக்குவதில்லை.

பெட்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது இப்போது நான் யாரையும் பின்னால் நிற்க விடுவதில்லை. நிறுத்தி, இறங்கி, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுகிறேன். கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி இறங்குகிறேன். கல் இறக்க நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பின் பலகையில் உன் கை விழுந்து விழுந்து வர்ணம் போன இடம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பூச்சுப் பூச நான் விடவில்லை.

இன்று காலை இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, இறங்கிப் போய் அந்த இடத்தில் என் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தேன். ஓட்டுகிற இருக்கையில் யாரும் இல்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். கை நோகும் வரைக்கும் அடித்தேன்.

கேட்கிறது மச்சான். அந்த இரைச்சலுக்குள்ளும் நல்லாகக் கேட்கிறது.